‘குறட்டை விட்டுத் தூங்கினாய்’ என்கிறார்கள். நான் விழித்தே இருந்தேன்

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 49 வயது. அரசுப் பள்ளியில் ஆசிரியை. அம்மா தவறியபிறகு எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, பள்ளிக்குக் கிளம்பக் கை கால் ஓடவில்லை, காரணமில்லாமல் அழுகை வந்தது. மனச்சோர்வு என்று சொல்லி மனநல மருத்துவர் காலையில் எஸ்சிட்டலோபிராம், இரவில் குளோனசிபாம் கொடுத்தார். நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன். அழுகை நின்றுவிட்டது, பாடம் எடுக்கிறேன், சமைக்கிறேன். ஆனால் பொட்டுத் தூக்கம் இல்லை. எனக்குத் தினமும் சிவராத்திரிதான். ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். மெயின் ரோட்டில் லாரி போவது கேட்கும், எதிர்வீட்டு நாய் குரைப்பது கேட்கும், நான்கு மணிக்குப் பால் வண்டி வருவது கேட்கும். வீட்டுக்காரர், “நல்லா குறட்டை விட்டுத் தூங்கினியே” என்கிறார். மதுரையில் ஒரு ராத்திரி தங்கி ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். காலையில் கேட்டார்கள், ஒன்றரை மணி நேரம் தூங்கியிருப்பேன் என்றேன். ரிப்போர்ட்டில் 6 மணி 20 நிமிடம் என்று வந்திருக்கிறது. மகன் வாங்கிக்கொடுத்த வாட்ச்சும் ஏழு மணி நேரம் காட்டுகிறது. இப்போது வீட்டில் யாரும் என்னை நம்புவதில்லை. நான் பொய் சொல்கிறேனா? புத்தி பேதலித்துவிட்டதா? தூக்க மாத்திரையைக் கூட்டிக் கேட்கலாமா?

— பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. மதுரையில் எடுத்த ரிப்போர்ட்டும் தப்பில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்கும் என்று கேட்பீர்கள். அதைத்தான் இந்தப் பதிலில் விளக்கப்போகிறேன். உங்கள் வீட்டுக்காரரும் மகனும் கூட உட்கார்ந்து படிக்கட்டும். தூக்கமின்மையைவிட உங்களை அதிகம் நோகடிப்பது அவர்களுடைய நம்பிக்கையின்மை என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது.

முதலில் அந்த 6 மணி 20 நிமிடம் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். அன்று ராத்திரி உங்கள் தலையில் பசை தடவிச் சின்னச் சின்ன வட்டத் தகடுகளை ஒட்டியிருப்பார்கள். கண்ணோரத்தில் இரண்டு, முகவாயில் இரண்டு மூன்று, நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கில் குழாய், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். மூளையின் மின்னலைகள் ராத்திரி முழுக்கப் பதிவாகும். மறுநாள் அந்தப் பதிவை முப்பது விநாடிக்கு ஒரு பக்கமாக வெட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயர் கொடுப்பார்கள்: விழிப்பு, லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம். எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கங்கள். ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் தூக்கத்தின் அலை தெரிந்தால் அந்தப் பக்கம் முழுவதும் தூக்கம்தான். அதில் பன்னிரண்டு விநாடி நீங்கள் விழித்திருந்தாலும் கணக்கில் வராது. இந்த முறைக்கு அடித்தளம் 1968இல் ரெக்ட்ஷாஃபன், கேல்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்த கையேடு. பிற்பாடு பல திருத்தங்கள் வந்தாலும் முப்பது விநாடிப் பக்கம் அப்படியேதான் இருக்கிறது. மூச்சுத் தடையைக் கண்டுபிடிக்க, வலிப்பைக் கண்டுபிடிக்க இது அருமையான முறை. “நான் தூங்கினேனா?” என்று ஒருவர் உள்ளுக்குள் உணர்வதை அளக்க இது உருவாக்கப்படவில்லை.

கண்ணால் பார்த்துப் பெயர் வைக்கும்போது பெரிய அலைதான் முதலில் கண்ணில் படும். ஆழ்ந்த தூக்கத்தின் டெல்டா அலை மெதுவானது, உயரமானது; விநாடிக்கு இரண்டு முறைகூட ஏறி இறங்காது. நாம் விழித்து யோசிக்கும்போது வரும் பீட்டா அலை குட்டையானது, வேகமானது. விநாடிக்குப் பதினைந்து, இருபது, அதற்கும் மேல். பெரிய டெல்டாவின் முதுகில் இந்தக் குட்டி பீட்டா ஏறி உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கு லேசில் தெரியாது. கம்ப்யூட்டரில் போட்டு அலைகளை வேகவாரியாகப் பிரித்தால்தான் தெரியும். 2002இல் ஆண்ட்ரூ கிரிஸ்டலும் அவரது குழுவினரும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டின்படி போதுமான நேரம் தூங்கியும், தூங்கவில்லை என்று சொன்னவர்களிடம் டெல்டா குறைவாகவும் வேகமான அலைகள் கூடுதலாகவும் இருந்தன. அதாவது, தூக்கம் என்று பெயர் வைத்த பக்கங்களுக்குள்ளேயே விழிப்பின் சாயல் இருந்தது.

உங்கள் நோய்க்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் எரிக் நோஃப்சிங்கர் என்ற மனநல மருத்துவரின் குழு 2000இல் வெளியிட்டது. மனச்சோர்வு உள்ள 12 பேர், நலமான 9 பேர். தூங்கும்போதே அவர்களுக்குக் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். மூளையின் எந்தப் பகுதி அதிகமாக வேலை செய்கிறதோ அது அதிகச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பிறகு எடுக்கும் பெட் ஸ்கேனில் அந்த இடம் தெரியும். நோயாளிகளிடமும் நலமானவர்களிடமும் ஒரே விஷயத்தைக் கண்டார்கள். பீட்டா எவ்வளவு கூடுகிறதோ, நெற்றிக்குப் பின்னால் நடுவே, அடியில் உள்ள மூளைப் பகுதி அவ்வளவு விழிப்பாக இருந்தது. நம் உணர்ச்சிகளோடும் நம்மைப் பற்றிய எண்ணங்களோடும் சம்பந்தப்பட்ட பகுதி அது. பீட்டா கூடக் கூட, “நன்றாகத் தூங்கினேன்” என்று அவர்களே கொடுத்த மதிப்பெண் குறைந்தது. ஆட்கள் குறைவான ஆய்வுதான், இதை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே குழு 2004இல் தூக்கமின்மை நோயாளிகளைப் பரிசோதித்தபோதும், நம்மை விழிப்பாக வைக்கும் மூளைப் பகுதிகள் தூங்கியபிறகும் போதிய அளவு அடங்கவில்லை என்றுதான் கண்டது.

மூளை ஒட்டுமொத்தமாகத் தூங்கி ஒட்டுமொத்தமாக விழிக்கும் உறுப்பு என்றுதான் நாங்களும் ஒரு காலத்தில் படித்தோம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. வலிப்பு அறுவை சிகிச்சைக்கு முன்பு சிலருக்கு மூளைக்குள்ளேயே மெல்லிய கம்பிகளைச் செருகிப் பதிவு செய்வார்கள். இத்தாலியில் லினோ நோபிலியின் குழு 2011இல் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது, முன்மூளையின் மற்ற இடம் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்க, கை காலை இயக்கும் பகுதி மட்டும் சில விநாடிகள் விழித்துக்கொண்டு மறுபடி அடங்குவது தெரிந்தது. வீட்டில் எல்லோரும் தூங்க, திண்ணையில் ஒருவர் மட்டும் முழித்துக் காவல் இருப்பது போல. உங்கள் தொண்டை குறட்டை விடுகிறது, உங்களுக்குள் ஒருவர் காவல் இருக்கிறார். வீட்டுக்காரர் கேட்டது தொண்டையை. நீங்கள் சொல்வது காவல்காரரை.

இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்திலிருந்து 2021இல் வந்த ஆய்வு. பிரான்செஸ்கா சிக்லாரி என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, தலை முழுக்க நெருக்கமாகத் தகடுகளை ஒட்டி, ராத்திரி பல முறை ஆட்களை எழுப்பி, “இப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்களா, விழித்திருந்தீர்களா?” என்று கேட்டது. நன்றாகத் தூங்கும் பழக்கம் உள்ளவர்களும் சில வேளைகளில், அலைகள் தெளிவாகத் தூக்கத்தைக் காட்டும்போதே, “விழித்துத்தான் இருந்தேன்” என்றார்கள். அதுவும் எப்போது? அலைகள் ஆழ்ந்த தூக்கம் என்று காட்டும் ராத்திரியின் முதல் பகுதியில்தான் தூக்கம் லேசாக இருந்ததாக உணர்ந்தார்கள். கனவு வரும் ரெம் தூக்கத்தில்தான் ஆழமாகத் தூங்கியதாக உணர்ந்தார்கள். உங்களைப் போல ‘தூங்கவே இல்லை’ என்பவர்களுக்கு இந்த உணர்வு அடிக்கடி வந்தது, அவர்களிடம் வேக அலைகளும் கூடியிருந்தன.

கனவு கண்டால் வேறு எங்கோ போய்வந்தது தெரிகிறது. அதனால் தூங்கினோம் என்று மனம் ஒப்புக்கொள்கிறது. கனவாக இல்லாமல் பகல் யோசனை மாதிரியே ஏதாவது ஓடினால் அப்படி ஒப்புக்கொள்ள எதுவும் இல்லை. தூக்கத்திலும் எண்ணம் ஓடும். பத்தாம் வகுப்பு விடைத்தாள், சீட்டுப் பணம், அம்மாவைக் கடைசி நாட்களில் இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாமோ என்ற உறுத்தல். மனச்சோர்வில் இந்த உறுத்தல் செக்கு மாடு போல ஒரே தடத்தில் சுற்றும். பகலில் சுற்றியது ராத்திரியும் சுற்றினால், எந்த இடத்தில் விழிப்பு முடிந்து தூக்கம் தொடங்கியது என்று யாராலும் பிரிக்க முடியாது. நீங்கள் ராத்திரி முழுக்க யோசித்தீர்கள் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். அதில் ஒரு பகுதியைத் தூக்கத்தில் யோசித்தீர்கள்.

லாரியும் நாயும் பால் வண்டியும் கேட்டதும் உண்மைதான். அதற்கு நடுவில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பதினொன்றரைக்கு ஒரு லாரி, ஒன்றேகால் மணிக்கு நாய், நான்கு மணிக்குப் பால் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றேகாலுக்கும் நாலுக்கும் நடுவில் அந்த ரோட்டில் எத்தனை வண்டிகள் போயிருக்கும்! அவற்றில் எத்தனை நினைவில் இருக்கின்றன? தூங்கும்போது கேட்டது நினைவில் பதியாது. விழித்த அந்த ஐந்து நிமிடம் பதியும். காலையில் கணக்குப் போடும்போது பதிந்தவற்றை மட்டும் ஒன்றோடொன்று தைத்துவிடுகிறோம், இடைவெளி மறைந்துபோகிறது. சில நிமிடத் தூக்கத்திலிருந்து எழுப்பினால், நலமாக இருப்பவர்களில் பலரும் தூங்கவில்லை என்றுதான் சொல்வார்கள்.

இதற்கு மேல் மனச்சோர்வு தன் பங்குக்குத் தூக்கத்தையே மாற்றுகிறது. சாதாரணமாகக் கண் அயர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் முதல் ரெம் தூக்கம் வரும். மனச்சோர்வு உள்ள பலருக்கு அது முந்திக்கொண்டு வருவதை டேவிட் குப்ஃபர் 1970களிலேயே எழுதினார். ஆழ்ந்த தூக்கம் குறையும், விடிவதற்கு முன்பே விழிப்பு வரும். விழித்த அந்த நேரம்தான் பலருக்கு மனம் அடிமட்டத்தில் கிடக்கும் நேரம். அந்த மனநிலையில், “ராத்திரி எப்படி இருந்தது?” என்று கேட்டால் நல்லது எதுவும் ஞாபகத்துக்கு வராது.

இதைப் படித்துவிட்டு, “பார்த்தாயா, நீ தூங்கத்தான் செய்கிறாய்” என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் உணர்வும் அளவீடும் இப்படி மாறுபடுவதில்லை. நிஜமாகவே மூன்று மணி நேரம் மட்டும் தூங்குபவர்கள் உண்டு, பன்னிரண்டு மணி நேரம் தூங்கி வழிபவர்களும் உண்டு. அதனால்தான் நீங்கள் ஸ்லீப் ஸ்டடி எடுத்தது நல்லதாயிற்று. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் மொத்தத் தூக்க நேரத்தை மட்டும் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். குறட்டை உண்டு என்கிறீர்கள், வயது 49. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது அல்லது குறைந்தது என்று ஓர் எண் அதில் கட்டாயம் இருக்கும். அது ஐந்துக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். அந்தத் தடையே தூக்கத்தைத் துண்டு துண்டாக்கி, விழித்தே இருந்த உணர்வைத் தரலாம். மாதவிடாய் நிற்கும் பருவமும் இதுதான். ராத்திரியில் திடீரென்று உடம்பு சுட்டு வியர்த்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு பரிசோதனை செய்து நாளாகியிருந்தால் ஒரு முறை செய்துகொள்ளுங்கள்.

வாட்ச்சைக் கழற்றி மகனிடமே கொடுத்துவிடுங்கள். அதற்கு மூளையலை தெரியாது. கை அசைகிறதா, நாடித் துடிப்பு எப்படி என்றுதான் பார்க்கும். கண்ணை மூடி அசையாமல் விழித்துக் கிடந்தாலும் தூக்கம் என்றே பெரும்பாலும் எழுதிக்கொள்ளும். உங்களுக்கும் வீட்டாருக்கும் நடுவில் பஞ்சாயத்து செய்ய அதற்குத் தகுதி இல்லை.

மாத்திரையைக் கூட்டலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். குளோனசிபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகள் டெல்டா அலையைக் குறைத்து பீட்டா அலையைக் கூட்டுகின்றன. உங்கள் மூளையில் ஏற்கெனவே நடப்பதாக நான் மேலே விவரித்த அதே திசைதான். அப்படியிருந்தும் அவற்றைச் சாப்பிட்டவர்கள் நன்றாகத் தூங்கினேன் என்கிறார்கள். இடையிடையே விழித்த ஞாபகத்தை மாத்திரை அழித்துவிடுவது அதற்கு ஒரு காரணம். நாளாக நாளாக அளவு போதாது என்று தோன்றும், மறதி வரும், ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழ நேரும். அதற்காக இன்றைக்கே நிறுத்தியும் விடாதீர்கள். திடீரென்று விட்டால் தூக்கம் இன்னும் கெடும், நடுக்கமும் பதற்றமும் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். உங்கள் டாக்டர் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். எஸ்சிட்டலோபிராமைத் தொடருங்கள். அழுகை நின்றதும் பாடம் எடுக்க முடிந்ததும் சிறிய விஷயமில்லை, மருந்து வேலை செய்கிறது. மற்றதெல்லாம் தேறிய பிறகும் தூக்கம் மட்டும் பின்தங்குவது மனச்சோர்வில் சகஜம். சகஜம் என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. சரியாகாத தூக்கமின்மை மனச்சோர்வு திரும்பி வர வழிவகுக்கும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, தூக்கத்துக்கான அறிதல் நடத்தை சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் தெளிவாகச் சொன்னது. மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் நான்கு முதல் எட்டு வாரம் வரை போக வேண்டியிருக்கும். உங்களைப் பொறுத்தவரை அதில் இரண்டு விஷயம் முக்கியம். நீங்கள் ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் படுக்கையில் ஒன்பது மணி நேரம், உங்களால் தூங்க முடிவது ஆறேகால். மீதி கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் படுக்கையில் கிடந்து மனதை அரைக்கிறீர்கள். பதினொன்றேகாலுக்குப் படுத்து, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, தினமும் ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுங்கள். முதல் பத்து நாள் பகலில் கண் சொக்கும், படுக்கக் கூடாது. பிறகு துண்டு துண்டான தூக்கம் ஒன்றுசேரத் தொடங்கும். நடுவில் விழித்து மனம் சுற்றத் தொடங்கினால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் அசந்ததும் திரும்பி வாருங்கள். படுக்கையறைக் கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். வலிப்பு உள்ளவர்களும், மனம் அளவுக்கு மீறி எழுச்சியடையும் இருதுருவ நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. மற்ற வாசகர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது விஷயம் உங்கள் ரிப்போர்ட். ராத்திரி முழுவதும் எப்போது எந்த நிலையில் இருந்தீர்கள் என்று படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் ஒரு கோடு அதில் இருக்கும். அதை டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்க வேண்டும். அளவீட்டுக்கும் உணர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படி எடுத்துக்காட்டும்போது தூக்கமின்மை உள்ளவர்களின் கவலை குறைகிறது, தூக்கத்தைப் பற்றிய கணிப்பும் சரியாகிறது என்று நிக்கோல் டாங், அலிசன் ஹார்வி ஆகியோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே தாளை முகத்துக்கு நேரே நீட்டி, “இதோ பார்” என்றால் நடப்பது நேர்மாறு.

இந்தச் சிகிச்சை மனச்சோர்வையும் சேர்த்துத் தீர்த்துவிடுமா? ஸ்டான்ஃபோர்டில் ரேச்சல் மான்பர் 2008இல் 30 பேரிடம் செய்த சோதனையில், எஸ்சிட்டலோபிராமோடு இதையும் சேர்த்துக்கொண்டவர்களில் 61.5 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள், சேர்க்காதவர்களில் 33.3 சதவீதம். கேட்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் அவரே பின்னர் 150 பேரிடம் செய்த சோதனையில் அவ்வளவு பெரிய வித்தியாசம் வரவில்லை. தூக்கம் சீரானது உறுதி. மனச்சோர்வுக்கு அதன் மருந்தும் ஆலோசனையும் தனியே தொடர வேண்டும்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. அண்ணா, நீங்கள் கேட்ட குறட்டை உண்மை. ஆனால் அதை ஆதாரமாகக் காட்டி வாதாடும்போது, உடல்நிலை சரியில்லாத ஒருவரைப் பொய்க்காரி ஆக்குகிறீர்கள். காலையில் எழுந்ததும் தூக்கக் கணக்குக் கேட்காதீர்கள். “ராத்திரி கஷ்டமா இருந்துச்சா?” என்று கேளுங்கள், போதும். மூச்சு நின்று திணறி மறுபடி வருவதைப் பார்த்திருந்தால் அதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சகோதரி, விடியற்காலை விழிப்பில், இருந்து என்ன பயன் என்று எப்போதாவது தோன்றினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுக்காரரை எழுப்பிச் சொல்லுங்கள். டெலி மானஸ் எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மற்றபடி, இரண்டு வாரம் தினமும் காலையில் படுத்த நேரம், எழுந்த நேரம், தூங்கியதாக உங்களுக்குத் தோன்றும் நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டையும் ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டை முழுமையாகவும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு, இப்போது பார்க்கும் அதே டாக்டரிடம் போங்கள்.